நூறு யென் நாணயமும் ஐம்பத்தைந்து படையெடுப்பாளர்களும்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றைப் பேசும் நூல்கள் பலவற்றில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. 1978ஆம் ஆண்டு ஜப்பானில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தபோது மக்கள் அதில் ஓயாமல் காசு போட்டனர். அதனால் நாடு முழுவதும் 100 யென் நாணயத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரசு நாணயச்சாலை தன் உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்க வேண்டியதாயிற்று என்பதே அச்செய்தி. சிலர் மூன்று மடங்கு என்கின்றனர், சிலர் நான்கு மடங்கு என்கின்றனர். எண்ணிக்கை இவ்வாறு நூலுக்கு நூல் மாறுவதே ஆய்வாளரை எச்சரிக்கப் போதுமானது. எனினும் இச்செய்தி வகுப்பறைக் குறிப்புகளிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் இன்றளவும் சான்று கேட்கப்படாமலே உலவிவருகிறது.

சான்று கிடைக்காத செய்தியன்று இது. எந்த ஆண்டு எத்தனை நாணயம் அடிக்கப்பட்டது என்பதை நாணயவியலாளர்களின் பட்டியல்கள் எல்லாம் தருகின்றன. 1977இல் 44 கோடி 100 யென் நாணயங்கள் அடிக்கப்பட்டன. ஆட்டம் வெளிவந்த 1978இல் அந்த எண்ணிக்கை 29 கோடியே 20 லட்சமாகக் குறைந்தது. ஆட்டத்தின் மோகம் உச்சத்தில் இருந்த 1979இல் 38 கோடியே 20 லட்சம். அதுவும் 1977ஐ எட்டவில்லை. 1980இல்தான் அது 58 கோடியைத் தாண்டியது. அப்போதோ மோகம் வடிந்துவிட்டிருந்தது. தட்டுப்பாட்டுக் கதை உண்மையாயின் இந்த வரிசை நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செம்பும் நிக்கலும் கலந்த அந்த 100 யென் நாணயம் 1967 முதல் அடிக்கப்பட்டு வந்தது. 1978க்குள் 400 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஒரு லட்சம் ஆட்டப்பெட்டிகள் இருந்தன எனவும், ஒவ்வொரு பெட்டியின் உண்டியலிலும் ஒரே வேளையில் 1000 நாணயம் முடங்கிக் கிடந்தது எனவும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி. புழக்கத்தில் இருந்ததில் நாற்பதில் ஒரு பங்கு. மேலும், உண்டியலில் விழுந்த நாணயம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. கடைக்காரர் அதை எடுத்து எண்ணி வங்கியில் செலுத்துகிறார். வங்கியிலிருந்து அது மறுநாளே இன்னொரு கடையின் கல்லாவுக்குப் போகிறது. ஒரு தெருவில், ஒரு கடைவீதியில், ஓரிரு நாள் சில்லறை கிடைக்காமல் போயிருக்கலாம். அத்தகைய அனுபவம் ஒன்று வாய்மொழியாகப் பரவி, நாடு முழுமைக்குமான பொருளாதாரச் செய்தியாக உருமாறியிருப்பது வியப்பன்று.

வியப்புக்குரியது வேறொன்று. இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் காட்டப்பட்ட ஊக்கத்தில் ஒரு சிறு பங்குகூட இதைவிடச் சுவையான, ஆவணங்களால் உறுதிப்படுத்தக்கூடிய செய்திகளின்மீது காட்டப்படவில்லை. அவ்வாட்டம் எவ்வாறு ஆக்கப்பட்டது, யாரால் ஆக்கப்பட்டது, அது சட்டத்தை எவ்வாறு மாற்றியது ஆகியவை இன்றும் அடிக்குறிப்புகளாகவே எஞ்சியுள்ளன.

ஆட்டத்தை உருவாக்கியவர் தோமோஹிரோ நிஷிகாடோ. 1944இல் ஒசாகாவில் பிறந்தவர். டோக்கியோ டென்கி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். அவர் பணியாற்றிய டைட்டோ நிறுவனத்தின் தோற்றமே தனிக் கட்டுரைக்குரியது. ஒடெசாவில் பிறந்த யூதரான மைக்கேல் கோகன் 1953இல் டோக்கியோவில் தொடங்கிய வணிக நிறுவனம் அது. முதலில் வோட்கா வடித்தது. பிறகு விற்பனை இயந்திரங்களையும் ஜூக்பாக்ஸ்களையும் கையாண்டது. அவ்வழியே கேளிக்கை இயந்திரங்களுக்கு வந்து சேர்ந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானின் நவீனத் தொழில்களை முற்றிலும் ‘ஜப்பானியத் தன்மை’ என்னும் சொல்லால் விளக்க முற்படுவோர் இந்த ஒடெசாக்காரரை நினைவில் கொள்வது நல்லது.

நிஷிகாடோ முதலில் செய்தவை திரையில்லா ஆட்டங்கள். 1971இல் வந்த ‘ஸ்கை ஃபைட்டர்’ கண்ணாடிகளும் விமானப் பொம்மைகளும் கொண்டு இயங்கிய மின்-எந்திர ஆட்டம். அதன்பின் திரை ஆட்டங்களுக்கு வந்தார். 1974இல் ‘ஸ்பீட் ரேஸ்’ என்னும் கார்ப் பந்தயம், 1975இல் ‘வெஸ்டர்ன் கன்’ என்னும் துப்பாக்கிச் சண்டை. இவற்றில் கணினி எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆட்டமும் தனக்கேயுரிய மின்சுற்றாகக் கம்பியும் சில்லுகளும் இணைத்துக் கட்டப்பட்டது. ஆட்டத்தில் ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் சுற்றையே மாற்ற வேண்டும்.

திருப்பம் சிகாகோவிலிருந்து வந்தது. ‘வெஸ்டர்ன் கன்’ ஆட்டத்தின் உரிமத்தைப் பெற்ற மிட்வே நிறுவனம் அதனை அப்படியே வெளியிடவில்லை. டேவ் நட்டிங் என்பவரின் குழு அதனை இன்டெல் 8080 நுண்செயலியைக் கொண்டு முற்றிலும் புதிதாக எழுதி ‘கன் ஃபைட்’ என்று வெளியிட்டது. நுண்செயலியில் இயங்கிய முதல் ஆர்க்கேட் வீடியோ ஆட்டமாக அதுவே கருதப்படுகிறது. தம் ஆட்டத்தின் அமெரிக்க வடிவத்தைக் கண்ட நிஷிகாடோவுக்கு, விளையாட்டுச் சுவையில் தம்முடையதே மேல் என்று தோன்றியது. ஆனால் உருவங்கள் அசையும் நேர்த்தியில் புதியதே மேல் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். நுண்செயலியைக் கற்பது என அவர் முடிவெடுத்தது அதன் பிறகே. ஆகவே ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை ஒரு ஜப்பானிய மேதையின் தனித் திடீர்ப் படைப்பாகவோ அமெரிக்கத் தொழில்நுட்பத்தின் நகலாகவோ காண இயலாது. டோக்கியோவில் பிறந்த ஓர் ஆட்டம் சிகாகோவுக்குப் போய்ச் செயலி பெற்றுத் திரும்பியது. திரும்பியது இன்னோர் ஆட்டத்துக்கு விதையானது.

மற்றொரு விதை அட்டாரியின் 1976ஆம் ஆண்டு ஆட்டமான ‘பிரேக்அவுட்’. பந்தை அடித்துச் செங்கல் வரிசைகளை ஒவ்வொன்றாக உடைத்துத் திரையைக் காலியாக்குவதில் உள்ள நிறைவே நிஷிகாடோவை ஈர்த்தது. அந்தச் செங்கற்கள் நகர்ந்தால் என்ன, திருப்பிச் சுட்டால் என்ன என்பதே அவர் எழுப்பிய வினா. எதிரியாக எதை வைப்பது என்பதில் அவர் பல வடிவங்களை முயன்றார். கவச வண்டிகளும் விமானங்களும் திரையில் இயல்பாக அசையவில்லை. மனித உருவமே நன்றாக அசைந்தது. ஆனால் மனிதரைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம் கூடாது என்ற எண்ணம் குறுக்கே நின்றது. மூன்றாண்டுகளுக்கு முன் இதே ஆக்குநர், இதே நிறுவனத்தில், இரு மனிதர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தைத்தான் வெளியிட்டிருந்தார் என்பதை இவ்விடத்தில் கருத வேண்டும். நேருக்கு நேர் நிற்கும் இருவரின் சண்டைக்கும், வரிசை வரிசையாக வரும் மனிதரை ஒருவர் வீழ்த்திக்கொண்டே இருப்பதற்கும் இடையே ஒரு வேறுபாடு உணரப்பட்டிருக்கிறது. அவ்வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பது இன்றைய சுடும் ஆட்டங்களைப் பற்றிய அறவியல் விவாதங்களிலும் தீராத கேள்வியே.

விடை எச். ஜி. வெல்ஸிடமிருந்து வந்தது. 1898இல் நூலாக வந்த அவருடைய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலின் செவ்வாய்வாசிகள் ஆக்டோபஸ் போன்றவர்கள். அந்த உருவத்திலிருந்து தொடங்கி, கணவாய், நண்டு, ஆக்டோபஸ் ஆகிய கடல்வாழ் உயிர்களின் சாயலில் மூவகைப் படையெடுப்பாளர்களை நிஷிகாடோ புள்ளிகளால் வரைந்தார். விண்வெளி அப்போது ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தால் உலகெங்கும் பேச்சாக இருந்தது. ஆட்டத்துக்கு முதலில் அவர் எண்ணியிருந்த பெயர் ‘ஸ்பேஸ் மான்ஸ்டர்ஸ்’. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த பிங்க் லேடி இரட்டையரின் பாடல் ஒன்றின் தலைப்பு அதில் எதிரொலித்தது. மேலிடத்தார் அதனை மாற்றினர்.

இனி இயந்திரத்தின் உட்புறம். திரை 256க்கு 224 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் ஒளிரும் அல்லது அணையும், வேறு நிலை இல்லை. அதற்கான நினைவகம் சரியாக 7168 பைட். ஆட்டத்தின் நிரல் முழுவதும் 8 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் வரும் ஒரு சிறு படம் இதைப்போல் பன்மடங்கு பெரியது. திரை கறுப்பு வெள்ளை. வண்ணம் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய வண்ணத்தாளின் உபயம். 8080 செயலி நொடிக்கு ஏறத்தாழ இருபது லட்சம் துடிப்புகளில் இயங்கியது. ஓர் உருவத்தை ஒரு புள்ளி அளவு நகர்த்தத் தேவையான பிட் நகர்த்தலைக்கூட அதனால் விரைவாகச் செய்ய இயலாது. அதற்கெனத் தனிச் சுற்று ஒன்று பலகையில் வைக்கப்பட்டது. இந்த உத்தியும் மிட்வே பலகைகளில் ஏற்கெனவே இருந்ததே. உருவாக்கத்துக்கு உதவும் கருவிகள் சந்தையில் கிடைக்காததால் நிஷிகாடோ அவற்றையும் தாமே செய்துகொண்டார்.

இத்தகைய இயந்திரத்தில் 55 உருவங்களை ஒரே நேரத்தில் அழித்து வரைவது இயலாத செயல். எனவே நிரல் ஒரு எளிய வழியைக் கைக்கொண்டது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படையெடுப்பாளர் மட்டும் ஓரடி நகர்வார். 55 பேரும் நகர்ந்து முடிய ஒரு நொடிக்குச் சற்றே குறைவான நேரம் ஆகும். படை ஒரே கட்டாக நகராமல் அலைபோல் நெளிந்து செல்வது இதனால்தான். ஆட்டக்காரர் எதிரிகளை வீழ்த்த வீழ்த்த, வரிசையில் எஞ்சியோர் குறைகின்றனர். ஒரு சுற்று முடியும் நேரமும் குறைகிறது. பாதிப் பேர் வீழ்ந்ததும் வேகம் இருமடங்காகிறது. கடைசி ஒருவர் நொடிக்கு 60 முறை நகர்ந்து திரையின் குறுக்கே பாய்கிறார். வெற்றியை நெருங்குந்தோறும் ஆபத்து மிகுகிறது. ஆட்டக்கலையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று இது என்பதில் ஐயமில்லை.

இதனை ‘தற்செயலாகக் கிடைத்த வரம்’ என்று விவரிப்பதே வழக்கம். செயலியின் இயலாமையிலிருந்து பிறந்ததை நிஷிகாடோ கண்டு, பிடித்துப்போய், அப்படியே விட்டுவிட்டார் என்பர். அவரும் பின்னாளைய நேர்காணல்களில் ஏறத்தாழ இவ்வாறே கூறியுள்ளார். ஆயினும் நிரலையே ஆவணமாகக் கொண்டு படித்தால் இவ்விளக்கம் பாதி உண்மை என்பது புலனாகும். படையின் நடைக்கு ஒத்து ஒலிக்கும் நான்கு தாழ்ந்த ஒலிகள், இதயத் துடிப்பைப் போன்று மெல்லத் தொடங்கி விரைவடைகின்றன. இந்த விரைவு தானாக நிகழ்வதன்று. எஞ்சிய எதிரிகள் எத்தனை பேரோ அதற்கேற்ப ஒலிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கூறும் அட்டவணை ஒன்று நிரலில் எழுதப்பட்டுள்ளது. எதிரிகள் எவ்வளவு அடிக்கடி சுட வேண்டும் என்பதற்கும் ஆட்டக்காரரின் புள்ளியைச் சார்ந்த அட்டவணை உண்டு. அசைவின் வேகம் இயந்திரம் தந்தது. அதைக் கண்டுகொண்டு, அதன்மேல் ஒலியையும் தாக்குதலையும் படிப்படியாகக் கட்டியமைத்தது ஆக்குநரின் திட்டம். ‘தற்செயல்’ என்னும் ஒரே சொல்லில் இந்த உழைப்பு மறைந்துவிடுகிறது. நாணயக் கதையைப் போலவே இதுவும் சொல்வதற்கு எளிதாக இருப்பதாலேயே நிலைத்த கதை.

நிரலில் உண்மையாகவே தவறியவை வேறு. அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள். திரையின் உச்சியில் அவ்வப்போது கடந்துசெல்லும் பறக்கும் தட்டின் மதிப்பு 50 முதல் 300 புள்ளி வரை மாறும். அது குலுக்கல் போலத் தோன்றும். உண்மையில் அது ஆட்டக்காரர் எத்தனை முறை சுட்டார் என்பதைச் சார்ந்தது. மதிப்புகளின் பட்டியலில் 16 இடங்கள் உள்ளன. ஆனால் நிரல் 15ஆவது இடத்திலேயே தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. நிரலைப் பார்த்தறியாத இளைஞர்கள், குண்டுகளை எண்ணிக்கொண்டே ஆடி, 23ஆவது குண்டிலும் அதன்பின் ஒவ்வொரு 15ஆவது குண்டிலும் தட்டை வீழ்த்தினால் 300 புள்ளி கிடைக்கும் என்பதைக் கண்டறிந்தனர். ‘நகோயா தாக்குதல்’ என்று பெயர்பெற்ற இன்னோர் உத்தி இதனினும் துணிச்சலானது. எதிரியின் குண்டு அவருடைய உருவத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து புறப்படுகிறது. ஆகையால் எதிரி கடைசி வரிசைக்கு, அதாவது ஆட்டக்காரரின் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால், அந்தக் குண்டு ஆட்டக்காரரைத் தாக்காது. இன்னும் ஓரடி இறங்கினால் ஆட்டமே முடிந்துவிடும் என்ற நிலைவரை படையை வரவிட்டு, பிறகு ஒவ்வொருவராக வீழ்த்துவதே அவ்வுத்தி. இவையனைத்தும் எழுத்தில்லாமல், காபிக்கடை மேசைகளைச் சுற்றி, கண்டும் கேட்டும் பரவிய அறிவு. வாய்மொழி மரபு பற்றி ஆய்வோர் இதற்கும் சற்று இடம் தரலாம்.

அந்த மேசைகளும் கவனத்துக்குரியவை. மேற்பரப்பில் கண்ணாடித் திரை பதித்த தாழ்ந்த மேசை வடிவில் இவ்வாட்டம் ஜப்பானியக் காபிக்கடைகளுக்குள் நுழைந்தது. இதனை மட்டுமே வரிசையாக வைத்த ‘இன்வேடர் ஹவுஸ்’ எனப்பட்ட கடைகள் முளைத்தன. அதுவரை பெரும்பாலான ஆட்டங்கள் ஒரு காசுக்கு இத்தனை நொடி என்று நேரத்தை விற்றன. இங்கே திறமையுள்ளவர் ஒரே காசில் நீண்ட நேரம் ஆடலாம். திறமையற்றவர் ஒரு நிமிடத்தில் எழ வேண்டும். பின்பால் இயந்திரங்களில் இவ்வழக்கம் முன்பே உண்டு எனினும், திரை ஆட்டத்தில் இதனை நிலைநிறுத்தியது இதுவே. இதுவரையில் எடுக்கப்பட்ட உயர்ந்த புள்ளி திரையின் மேலே எப்போதும் தெரிந்தது. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் செய்த ஆட்டம் இது என்று கூறப்படுவதுண்டு, அது பிழை. மிட்வேயின் 1976ஆம் ஆண்டு ‘சீ வுல்ஃப்’ ஆட்டத்திலேயே அது இருந்தது.

எதிர்ப்பும் உடன் வந்தது. பள்ளிக்குச் செல்லாமை, காசுக்காகத் திருடுதல் ஆகிய குற்றச்சாட்டுகள் ஜப்பானில் எழ, 1979இல் தொழில்துறைச் சங்கமே கட்டுப்பாடுகளை அறிவித்தது. 1984இல் திருத்தப்பட்ட கேளிக்கைத் தொழில் சட்டம் ஆட்டக்கூடங்களையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. பிரிட்டனில் இது நாடாளுமன்றத்துக்கே போயிற்று. 1981 மே 20 அன்று தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் ஃபூக்ஸ், இந்த ஆட்டத்தின் பெயரையே தலைப்பில் தாங்கிய மசோதா ஒன்றைக் கொண்டுவர அனுமதி கேட்டார். இத்தகைய இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளிப்பது அதன் நோக்கம். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் மைக்கேல் பிரவுன் எழுந்து, தாமும் இந்த ஆட்டத்தை ஆடுபவரே என்று வெளிப்படையாகக் கூறி எதிர்த்தார். 94 பேர் ஆதரிக்க, 114 பேர் எதிர்க்க, அனுமதி மறுக்கப்பட்டது. இருபது வாக்கு மாறியிருந்தால் சட்டப் புத்தகத்தை நோக்கி ஓரடி எடுத்துவைத்த முதல் வீடியோ ஆட்டம் என்ற பெயர் இதற்குக் கிடைத்திருக்கும்.

சட்டத்தை அது தொட்டது வேறு வழியில். வெற்றியைத் தொடர்ந்து போலிகள் பெருகின. நிரல் பதிந்த சில்லுகளை அப்படியே படியெடுத்துப் புதிய பெட்டிகளில் பொருத்தி விற்றனர். இதன் அடுத்த பதிப்பான ‘பார்ட் டூ’ ஆட்டத்தைப் படியெடுத்த நிறுவனம் ஒன்றின்மீது டைட்டோ வழக்குத் தொடுத்தது. சில்லில் உள்ளவை வெறும் மின் நிலைகள், எவரும் படிக்க இயலாதவை. அவை எவ்வாறு ‘படைப்பு’ ஆகும் என்பதே வழக்கின் மையக் கேள்வி. 1982 டிசம்பர் 6 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதர் எழுதிய மூல நிரல் பதிப்புரிமைக்குரிய படைப்பு. சில்லில் பதிந்த இயந்திர வடிவம் அதன் பிரதி. ஆகவே சில்லைப் படியெடுப்பது உரிமை மீறல் என்றது அத்தீர்ப்பு. ஜப்பானில் கணினி நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று கூறிய முதல் தீர்ப்பு இது.

இதையடுத்து அரசுக்குள்ளேயே இரு துறைகள் மோதின. நிரலைப் பதிப்புரிமையில் சேர்க்காமல், 15 ஆண்டு மட்டுமே நீடிக்கும் தனி உரிமையாக்க வேண்டும் என்று வணிக, தொழில்துறை அமைச்சகம் முன்மொழிந்தது. பண்பாட்டு விவகாரத் துறை பதிப்புரிமையே போதும் என்றது. அமெரிக்காவின் அழுத்தம் பின்னதன் பக்கம் இருந்தது. 1985இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, நிரல் ஒரு படைப்பு வகையாக அதில் இடம்பெற்றது.

அதே திருத்தம் 15ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு ஒன்றையும் சேர்த்தது. பிற படைப்புகளைப் பொறுத்தவரை, பணியாளர் எழுதியதற்கு நிறுவனம் ஆசிரியராக வேண்டுமானால் அது நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். நிரலுக்கு அந்த நிபந்தனையும் வேண்டியதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின் பகுதியாக எழுதப்பட்ட நிரலின் ஆசிரியர் நிறுவனமே. நிஷிகாடோவின் பெயர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ திரையில் எங்கும் தோன்றியதில்லை. அவர் 1990களின் பிற்பகுதியில் டைட்டோவை விட்டு விலகித் தனி நிறுவனம் தொடங்கினார். ஆட்டத்தின் பிறப்பைப் பற்றி இன்று கூறப்படுவனவற்றுள் பெரும்பகுதி அதன் பின்னர் அவர் அளித்த நேர்காணல்களிலிருந்து வந்தது. அவற்றுள் ஒன்றில், தம் ஆட்டத்தின் முதல் கட்டத்தைக் கடப்பதே தமக்குக் கடினம் என்றும் அவர் கூறியிருக்கிறார்.